செம்புக் கோபுரம் பார்க்க ராயபுரம் போனேன்

சென்னைப் பட்டினத்தில் நான் முதன்முதலாக வழி கேட்ட ஆள் ஒரு ரிக்‌ஷாக்காரர். ராயபுரம் ஸ்டேஷன் வாசலில், காலை வெயில் சூடேறுமுன், கையில் பெட்டியும் கக்கத்தில் குடையுமாக நின்றுகொண்டு அவரிடம் கேட்டேன்:

"ஐயா, திருவொற்றியூரிலை இருந்த சாராயத் தொழிற்சாலைக்கு எப்பிடிப் போறது?"

அந்த ஊரில் மதுவிலக்கு வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொண்டுதான் கப்பல் ஏறியிருந்தேன். தெரிந்த விஷயத்தைத் தேவையான நேரத்தில் நினைத்துப் பார்க்கும் பழக்கம்தான் எனக்கு இல்லை.

ரிக்‌ஷாக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இன்னா நைனா, காலங்காத்தாலியேவா?" என்று குரலைத் தாழ்த்தினார். "அது மூடி எம்மாம் நாளாவுது. நீ குந்து. வேற எடம் கீது, நான் இட்டுகினு போறேன்."

தொழிற்சாலையை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள் போலும் என்று நினைத்து ஏறி உட்கார்ந்தேன். மனிதன் இழுக்க மனிதன் உட்கார்ந்து போவது கூச்சமாக இருந்தது. கூச்சத்தை மறைக்கக் குடையை விரித்துக்கொண்டேன். காசிமேட்டில் கருவாடு காயும் வெளியைத் தாண்டி, ஒரு குடிசைக்குப் பின்புறம் வண்டி நின்றது. ஒரு பெண் வெளியே வந்து, முந்தானைக்குள்ளிருந்து ஒரு கண்ணாடி டம்ளரை எடுத்து நீட்டினாள். நான் ரசாயனம் படித்தவன். அந்தத் தொழிலிலேயே சம்பளம் வாங்குகிறவன். மூக்கே சொல்லிவிட்டது: வெல்லம், மரப்பட்டை, இன்னும் நான் எழுதக் கூடாத சில சாமான்கள்.

"இது வேண்டாம் அம்மா," என்றேன் மரியாதையாக. "இதை வடிக்கிற பெரிய கோபுரம் இருக்குதாம். அதைப் பாக்கத்தான் நான் வந்தனான்."

"அடப்பாவி! போலீசை இட்டுகினு வந்துகீறியே!" என்று ரிக்‌ஷாக்காரரைத் திட்டிவிட்டு, டம்ளரை மண்ணில் கவிழ்த்துவிட்டு, அவள் குடிசைக்குள் மறைந்தாள். ரிக்‌ஷாக்காரர் வந்த வழியே ஓட்டமாக இழுத்தார். நான் குடையோடு குலுங்கினேன்.

"மின்னாடியே சொல்லக் கூடாதா நைனா?" என்றார் மூச்சு வாங்க. நான் முன்னாடியே சொன்னதாகத்தான் எனக்கு நினைப்பு.

நான் வந்த காரியம் இதுதான். கொழும்புக்குத் தெற்கே, தென்னஞ்சாராயம் வடிக்கும் ஒரு தொழிற்சாலையில் நான் ரசாயன உதவியாளன். எங்கள் பழைய வடிகலன் ஓட்டை விழுந்து கிடந்தது. சென்னையில் மூடப்பட்ட ஒரு தொழிற்சாலையின் செம்புக் கோபுரம் விலைக்கு வருகிறது என்று முதலாளிக்குச் செய்தி கிடைத்தது. "கோபுரங்களைப் பற்றித் தெரிந்தவர் யார்?" என்று அவர் கேட்டபோது மற்றவர்கள் கூரையைப் பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்து எனக்குத் தும்மல் வந்தது. அவர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார். "போய்ப் பார். ஓடுமா ஓடாதா, ஒரு வார்த்தையில் தந்தி அடி," என்றார்.

கோபுரம் என்றால் உயரமான செம்புக் குழல். அதற்குள் இடியப்பத் தட்டைப் போலத் துளையிட்ட பெரிய தட்டுகள் ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கும். கீழேயிருந்து ஆவி துளைகள் வழியே மேலே ஏறும். மேலேயிருந்து வரும் திரவம் ஒவ்வொரு தட்டிலும் தேங்கி, ஓரத்துக் குழாய் வழியே அடுத்த தட்டுக்கு இறங்கும். துளை வழியாகத் திரவம் இறங்கவே கூடாது. அதை மேலே தாங்கிப் பிடிப்பது ஆவியின் வேகம் ஒன்றுதான். வேகம் போதாவிட்டால் தட்டு சல்லடையாக ஒழுகும். சாராயம் தண்ணீராக வரும். தொழிலில் இதைத் தட்டு அழுகிறது என்போம். அந்தக் கோபுரம் பெரிய கொதிகலனுக்குச் செய்தது. எங்களுடையதோ சின்னக் கொதிகலன். எங்கள் ஆவிக்கு அந்தத் தட்டுகள் அழுமா, அழாதா? அதற்காகத்தான் என்னைக் கடல் தாண்டி அனுப்பியிருந்தார்கள்.

கோபுரத்தின் சொந்தக்காரர் எஸ்தர் அம்மாள். ராயபுரத்தில் பழைய இரும்புக் கடைகள் நெருக்கியடித்த ஒரு சந்தில் அவர் கடை. அவரைச் சந்திக்கும் முன் பொருளை ரகசியமாகப் பார்த்துவிட வேண்டும் என்று நான் போட்ட தந்திரம் காசிமேட்டில் முடிந்துவிட்டதால், நேராகக் கடைக்கே போனேன். நங்கூரச் சங்கிலிகளுக்கும் துருப்பிடித்த பல்சக்கரங்களுக்கும் நடுவே, வெள்ளைச் சேலையும் கண்ணாடியுமாக உட்கார்ந்திருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். கணவர் இறந்தபின் கடையைத் தாமே நடத்துகிறவர்.

"வாங்க தம்பி, உக்காருங்க. வெயில்ல வந்திருக்கிய. காப்பி குடிக்கியளா?"

"ஓம்," என்றேன்.

அவர் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். நான் ஏதோ ஜெபம் ஆரம்பித்துவிட்டதாக நினைத்தாராம். யாழ்ப்பாணத்தில் ஆமாம் என்பதற்கு ஓம் என்போம் என்று விளக்கிய பிறகுதான் காப்பி வந்தது.

அடுத்த குழப்பம் எனக்கு. "எல்லாம் சரியா இருந்தா உங்க மொதலாளியப் பேசணும்," என்றார். அவர் சொன்னது விலை பேசுவதை. எங்கள் ஊரில் ஒருவரைப் பேசுவது என்றால் திட்டுவது. முன்பின் பார்க்காத என் முதலாளியைத் திட்ட இந்த அம்மாவுக்கு என்ன கோபம் என்று சிறிது நேரம் யோசித்தேன். சில விஷயங்களில் அவர் திட்டு வாங்க வேண்டியவர்தான் என்று தோன்றியதால் மறுத்துச் சொல்லவில்லை.

மறுநாள் திருவொற்றியூருக்குப் பஸ். தண்டையார்ப்பேட்டையில் அது நின்றுவிட்டது. எல்லோரும் இறங்கித் தள்ளினோம். பஸ் கிளம்பியதும் மற்றவர்கள் ஓடித் தாவி ஏறினார்கள். நான் குடையை எடுக்கக் குனிந்தேன். நிமிர்ந்தபோது பஸ் தூரத்தில் புள்ளியாகிவிட்டது. மிச்ச வழியை ஒரு உப்பு வண்டியில் கடந்தேன். ஏறும்போது என் கதையைக் கேட்ட மாட்டுக்காரர் வழிநெடுக ஒரு வார்த்தை பேசவில்லை, இறங்கும்போது மட்டும், "சிலோன்லயும் இப்டிதான் பஸ்ஸை வுடுவியா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்ல ஆசையாக இருந்தது. ஓம் என்று வந்துவிடுமோ என்று பயந்து தலையை மட்டும் ஆட்டினேன்.

மூடிய தொழிற்சாலை கால்வாய் ஓரமாக இருந்தது. கூரை போயிருந்தது. முற்றத்து மணலில் கோபுரம் துண்டு துண்டாகக் கழற்றிப் படுக்கவைக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு துண்டும் ஒரு மாட்டு வண்டிக்குச் சரியாக இருக்கும் அளவு. செம்பில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தாலும் தட்டினால் மணி போலச் சத்தம் வந்தது. நான் எல்லாத் துண்டையும் தட்டிப் பார்த்தேன். தட்டுவதால் ஒன்றும் தெரியாது. ஆனால் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது நிபுணர் வேலையாகத் தெரிந்திருக்கும் என்று நம்பினேன்.

பார்த்துக்கொண்டிருந்தவர் காதர் பாய். வண்ணாரப்பேட்டைக்காரர். பழைய கப்பல், பழைய இயந்திரம் உடைப்பதைக் குத்தகைக்கு எடுப்பவர். எஸ்தர் அம்மாள் எனக்கு ஒத்தாசைக்கு அனுப்பியிருந்தார்.

"வாங்க சிலோன் சாப். நாஸ்தா ஆச்சா?"

ஆகவில்லை. கால்வாய்க் கரைக் கடையில் ஆப்பமும் பாயாவும் வாங்கிக் கொடுத்தார். எங்கள் ஊர் ஆப்பத்தின் நடுவில் பால் விடுவோம். இங்கே ஆட்டுக்கால் சாற்றில் முக்கினார்கள். முதல் வாயிலேயே தேசப்பற்று தளர்ந்துவிட்டது. இரண்டாவது தடவை கேட்டு வாங்கினேன்.

சாப்பிடும்போது காதர் பாய் கோபுரத்தின் கதையைச் சொன்னார். "மூடினப்பொறம் அல்லாரும் இத வெறும் செம்பாதான் பாத்தாங்கோ. யோவான் அண்ணாச்சி, அம்மா வூட்டுக்காரரு, அவரு மட்டும் 'பூரா மெசினா வாங்கறேன், எங்கியாச்சும் ஓடும்'னு வாங்கிட்டாரு. ஓடவே கூடாத ஊர்ல ஓடற மெசினு! சந்துல சிரிச்சானுங்கோ பாரு. அண்ணாச்சி பூட்டாரு. சிரிப்பு நின்னபாடில்ல. ஒடைச்சு வித்துடுன்னு அம்மாகிட்ட எவ்ளோ பேரு கேட்டுட்டாங்கோ. நானே கேட்டுக்கீறேன். ஒடைச்சா எனக்குத்தான வேலை? அம்மா மாட்டேன்னுட்டாங்கோ."

"நான் பாத்துச் சொல்லுறன்," என்றேன், மிகவும் கனமான குரலில். அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று இன்றும் தெரியாது.

சோதனைக்கு வேண்டியதை விளக்கினேன். ஒரு துண்டை நிமிர்த்தி வைத்து, கீழேயிருந்து காற்றை ஊத வேண்டும். தட்டின்மேல் தண்ணீர் விட வேண்டும். தண்ணீர் மேலே நின்று கொதிப்பதுபோல் ஆடினால் நல்லது. ஒழுகினால் தட்டு அழுகிறது என்று பொருள்.

"அழுவுதான்னு பாக்கவா சிலோன்லேந்து வந்துகீறீங்கோ?" என்றார் காதர் பாய். "எங்க தெருவுக்கு வந்தா டெய்லி நாலு வூட்ல பாக்கலாமே."

சிரித்தாலும் ஆள் கெட்டிக்காரர். மறுநாள் காலைக்குள் ஒரு வார்ப்படப் பட்டறையிலிருந்து, எண்ணெய் எஞ்சினில் ஓடும் பெரிய காற்று ஊதியைக் கொண்டுவந்துவிட்டார். அவர் ஆட்கள் செங்கல் அடுக்கி அதன்மேல் ஒரு துண்டை நிமிர்த்தினார்கள். காற்றின் அழுத்தத்தை அளக்கக் கண்ணாடிக் குழாயும் ரப்பர் குழாயும் நான் பாரிமுனையில் வாங்கி வந்திருந்தேன். கண்ணாடிக் குழாயை வளைப்பது எனக்குக் கைவந்த கலை என்று சொல்லிக்கொண்டே முதல் குழாயை உடைத்தேன். இரண்டாவதை எதுவும் சொல்லாமல் வளைத்தேன், அது வளைந்தது.

எஸ்தர் அம்மாளும் ஜட்கா பிடித்து வந்துவிட்டார். ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, குடை பிடித்து உட்கார்ந்தார்.

எஞ்சின் இரைந்தது. காற்று சீறியது. ஆட்கள் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார்கள். நான் ஏணியில் ஏறி எட்டிப் பார்த்தேன். தட்டின் ஒரு பாதியில் தண்ணீர் இல்லாமல் காற்று வெறுமனே ஊளையிட்டது. மறு பாதியில் தண்ணீர் தேங்கித் துளைகள் வழியே கொட்டோ கொட்டென்று கொட்டியது. காற்றை முழு வேகத்துக்கு ஏற்றச் சொன்னேன். கொட்டுவது நிற்கவில்லை. பெரிய கொதிகலனின் வேகத்திலேயே இப்படி அழுதால், எங்கள் சின்னக் கொதிகலனுக்கு என்ன ஆகும்? அமிலம் பட்டுப்பட்டுத் துளைகள் தேய்ந்து பெருத்துவிட்டன என்று முடிவு கட்டினேன். அந்த முடிவுக்கு வர எனக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. எஞ்சின் புகையில் கண் வேறு எரிந்துகொண்டிருந்தது.

ஏணியிலிருந்து இறங்கி, "சரிவராது அம்மா. இது ஓடாது," என்றேன்.

அவர் கோபுரத்தைப் பார்த்தார். கோபப்படவில்லை. எழுந்து சேலையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு, "காதர், நாளைக்கே உடைச்சிருங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு ஜட்காவில் ஏறினார்.

வேலை கிடைத்த காதர் பாய் முகத்தில் சந்தோஷத்தைக் காணோம். "சரிம்மா," என்றார்.

நான் நேரே தபால் நிலையம் போய், வேண்டாம் என்று முதலாளிக்கு ஒரு வார்த்தைத் தந்தி அடித்தேன். அன்று மாலை அறைக்குத் திரும்பும்போது ஒரு கஷ்டமான கடமையைச் சரியாகச் செய்தவனுக்குள்ள பெருமிதத்தோடு நடந்தேன் என்பதையும் இங்கே எழுதித்தான் ஆக வேண்டும்.

ஊர் திரும்ப ஒரு நாள் இருந்தது. எண்ணூர் முகத்துவாரம் பார்க்க அழகாக இருக்கும் என்று சொன்னார்கள். மறுநாள் காலை ரயிலில் போனேன். முகத்துவாரக்குப்பத்தில் கட்டுமரங்கள் கரையேறியிருந்தன. ஒரு பெண் அப்போதுதான் சுட்ட வாளை மீனை இலையில் வைத்துத் தந்தாள். எங்கள் ஊரிலே மீன் என்றால் தேங்காய்ப் பாலில் நீந்தும்; இங்கே வெறும் உப்பும் மிளகாயும் போதும் என்றார்கள், போதுமாகத்தான் இருந்தது. கழிமுகத்தை ஒரு சின்னப் படகில் சுற்றிவர ஆசைப்பட்டேன். படகுக்காரர் கிழக்கே துழாவ, நான் ஒரு பக்க விளிம்பில் சாய்ந்து உட்கார்ந்து கொக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கால் நனைந்தது. குனிந்து பார்த்தால் படகுக்குள் கசிந்திருந்த தண்ணீரெல்லாம் என் செருப்பைச் சுற்றி நின்றது.

"நைனா, அந்தாண்ட தள்ளிக் குந்து," என்றார் படகுக்காரர் எரிச்சலோடு. "நீ சாஞ்சுகினா தண்ணி அல்லாம் உன் பக்கம்தான் வரும். படகு ஓட்டைன்னு அப்பால எவன்கிட்டியும் சொல்லாத."

நான் தள்ளி உட்கார்ந்தேன். தண்ணீர் படகின் தரையெங்கும் பரவி, ஒரு விரல் ஆழம்கூட இல்லாமல் படுத்தது. அந்த இடத்தில்தான் எனக்குக் கோபுரத்தின் தட்டு நினைவுக்கு வந்தது. ஒரு பாதியில் தண்ணீரே இல்லை, மறு பாதியில் கொட்டியது. துளைகள் தேய்ந்திருந்தால் தட்டு முழுவதும் அல்லவா ஒழுகியிருக்க வேண்டும்! செங்கல் மணலில் இறங்கியிருக்கிறது. தட்டு சாய்ந்திருக்கிறது. நான் மட்டம் பார்க்கவில்லை. தட்டு வைத்தால் மட்டம் பார்க்க வேண்டும் என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி.

"திருப்புங்கோ! கெதியாத் திருப்புங்கோ!" என்று கத்தினேன். எழுந்து நின்று கத்தியதால் படகு ஆடி, இன்னும் கொஞ்சம் தண்ணீர் உள்ளே வந்தது. படகுக்காரர் என் பரம்பரையையே விசாரித்தார்.

ரயில் நிலையத்தில் அடுத்த வண்டிக்கு மத்தியானம் வரை காத்திருக்கச் சொன்னார்கள். அதற்குள் காதர் பாயின் சம்மட்டிகள் கோபுரத்தைத் தகடாக்கிவிடும். மீன் கூடைகள் ஏற்றிய ஒரு மாட்டு வண்டி திருவொற்றியூர்ப் பக்கம் கிளம்பியது. கெஞ்சி ஏறினேன். மாடுகளுக்கு என் அவசரம் தெரியவில்லை. பாதி வழியில் இறங்கி வண்டிக்கு முன்னால் ஓடினேன். களைத்ததும் அதே வண்டியில் மறுபடி ஏறினேன். வண்டிக்காரர் சிரித்துச் சிரித்துத் தலைப்பாகையால் கண்ணைத் துடைத்தார்.

திருவொற்றியூர் எல்லையில் ஒரு கான்ஸ்டபிள் கையைக் காட்டினார். மதுவிலக்குச் சோதனை. கூடைகளைக் கிளறிப் பார்த்தவர், சோதனைச் சாமான்களோடு நான் எண்ணூருக்கும் தூக்கிப் போயிருந்த பையையும் திறந்தார். உள்ளே வளைத்த கண்ணாடிக் குழாய், ரப்பர் குழாய், ஒரு புனல்.

"இன்னாய்யா இதெல்லாம்?"

பொய் சொல்லியிருக்கலாம். தைலம் காய்ச்சுகிறேன் என்றாவது சொல்லியிருக்கலாம். நான் மூச்சிரைக்க உண்மையைச் சொன்னேன்: "சாராயம் வடிக்கிற கோபுரம் ஒண்டை உடைக்கப் போறாங்கள். அதை நான் காப்பாத்த வேணும்!"

கான்ஸ்டபிள் என் தோளைப் பிடித்த பிடியைப் பார்த்தால், அவர் உத்தியோகத்தில் இப்படியொரு வாக்குமூலம் அதற்குமுன் கிடைத்ததில்லை என்று தெரிந்தது. ஸ்டேஷனுக்கு நட என்றார். முதலில் கோபுரத்தைப் பாருங்கள், பிறகு என்னை எங்கு வேண்டுமானாலும் கொண்டுபோங்கள் என்று மன்றாடினேன். கோபுரத்தோடு பிடித்தால் பெரிய பெயர் கிடைக்கும் என்று அவருக்கும் தோன்றியிருக்க வேண்டும். "வா," என்றார்.

முற்றத்துக்குள் நாங்கள் நுழைந்தபோது சம்மட்டிச் சத்தம் காதைப் பிளந்தது. போலீஸ் தொப்பியைக் கண்டதும் அத்தனை ஆட்களும் சம்மட்டியை அப்படியே போட்டுவிட்டு மதிலை நோக்கி ஓடினார்கள். நான் எவ்வளவு கத்தியிருந்தாலும் அவர்கள் அவ்வளவு சீக்கிரம் நிறுத்தியிருக்க மாட்டார்கள். இந்தப் பயணத்தில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம் கைதானதுதான்.

ஓடாமல் நின்றவர்கள் இரண்டு பேர். ஒருவர் காதர் பாய். மற்றவர் எஸ்தர் அம்மாள். உடைப்பதைப் பார்க்கத் தாமே வந்திருந்தார். உச்சித் துண்டின் தட்டு ஒன்று ஏற்கெனவே நசுங்கி மணலில் கிடந்தது.

காதர் பாய் கான்ஸ்டபிளிடம் சலாம் வைத்து, கோபுரத்துக்கான சர்க்கார் அனுமதியைக் காட்டி விஷயத்தைச் சொன்னார். நான் எஸ்தர் அம்மாளிடம் போனேன். உடம்பெல்லாம் மீன் வாடை.

"அம்மா, தட்டிலை பிழை இல்லை. சாய்ஞ்சு இருந்திட்டுது. நான் மட்டம் பாக்கேல்லை. பிழை என்ரை."

அவர் சிரிப்பார் அல்லது திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். இரண்டும் இல்லை. கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தார்.

"சந்துல இருக்கவுக எல்லாரும் அவுகளைப் பாத்துச் சிரிச்சப்ப நான் ஒருத்தி சிரிக்கல தம்பி," என்றார் மெதுவாக. "நேத்து நீங்க சொன்னதக் கேட்டு வீட்டுக்குப் போயி, ஆமா, புத்தியில்லாமத்தான் வாங்கிட்டாகன்னு நானும் நெனச்சிட்டேன்."

செங்கல்லைச் சரிபார்க்கப் போகிறவன்போல அந்தப் பக்கம் நகர்ந்தேன்.

இம்முறை மணலைத் தோண்டிப் பலகை புதைத்தோம். பக்கத்தில் சுவர் கட்டிக்கொண்டிருந்த கொத்தனாரிடம் மட்டக்கோல் வாங்கி, எல்லாப் பக்கமும் வைத்துப் பார்த்தேன். பார்த்துவிட்டு மறுபடி பார்த்தேன். காதர் பாய், "சாப், தொழுவறதுக்கு கிப்லா தெசைகூட நாங்க இம்மா தபா பாக்க மாட்டோம்," என்றார்.

எஞ்சின் ஓடியது. முழு வேகத்தில் தண்ணீர் தட்டெங்கும் வெள்ளை நுரையாகத் துள்ளியது. கீழே ஒரு சொட்டு இல்லை. ஆட்கள் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. ஊதியின் வாயைப் பலகையால் மெல்ல மெல்ல மூடி, காற்றை எங்கள் கொதிகலன் தரக்கூடிய அளவுக்குக் குறைத்தேன். தட்டு முழுவதும் ஒரே சீராக, தூறல் போல ஒழுக ஆரம்பித்தது.

எஸ்தர் அம்மாள் பெட்டியிலிருந்து எழுந்து நின்றார்.

"பொறுங்கோ," என்றேன். "துளையள் கூடிப்போச்சு. காத்துக் குறைவு. பாதித் துளையை அடைச்சால் மிச்சத் துளையிலை வேகம் கூடும்."

மரக்குச்சி சீவி, ஒரு துளை விட்டு ஒரு துளையாக அடைக்க வேண்டும். ஓடிப்போன ஆட்கள் திரும்பி வந்து சுற்றி உட்கார்ந்தார்கள். கை போதவில்லை. இதுவரை வேடிக்கை பார்த்த கான்ஸ்டபிள் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, "குட்ரா அந்த சுத்தியல," என்று குந்தினார். மதுவிலக்குக் கான்ஸ்டபிள் ஒருவர் சாராயக் கோபுரத்துக்கு முளை அடித்த காட்சியை நான் பார்த்தேன். நன்றாகவே அடித்தார்.

மூன்றாம் முறை எஞ்சின் ஓடியது. காற்றைக் குறைத்தேன். தண்ணீர் நின்றது. இன்னும் கொஞ்சம் குறைத்தேன். நின்றது. நான் தட்டுக்கு அடியில் மணலில் மல்லாந்து படுத்து மேலே பார்த்தேன். முகத்தில் எதுவும் விழவில்லை. எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தேனோ, காதர் பாய்தான் காலைத் தட்டி எழுப்பினார்.

அன்றே முதலாளிக்கு வேண்டும் என்று தந்தி அடித்தேன். எந்தத் தந்தியை நம்புவது என்று மறுநாள் பதில் தந்தி வந்தது. துளை அடைத்தால் ஓடும், ஓடாவிட்டால் என்னை அடைத்துவிடுங்கள் என்று எழுதினேன். தந்தி குமாஸ்தா அதை உரக்கப் படித்து, "நிஜமாவே அனுப்பட்டுமா சார்?" என்று கேட்டார். அனுப்பச் சொன்னேன். அதற்குப்பின் எஸ்தர் அம்மாளும் முதலாளியும் எனக்குப் புரியாத வேகத்தில் விலை பேசி முடித்துக்கொண்டார்கள்.

பிறகு அது ஓடியதா என்று கேட்பவர்களுக்கு: மரக்குச்சிக்குப் பதில் செம்பு ஆணி அறைந்து, நசுங்கிய தட்டுக்குப் பதில் புதிதாக ஒன்று செய்து, கோபுரத்தை ஊரில் நிமிர்த்தினோம். ஆவி விட்ட முதல் நாள் நான் காலைச் சாப்பாட்டைத் தொடவில்லை. மத்தியானம் சாராயம் வந்தது. நல்ல சாராயம். மட்டக்கோலை இன்னும் என் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். கொத்தனாருக்குத் திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டேன்.

ஆனால் சொல்ல வேண்டியது துறைமுகத்துக்கு ஏற்றிய நாளைப் பற்றி. துண்டுகளை லாரிகளில் ஏற்றினார்கள். திருவொற்றியூரிலிருந்து கடற்கரைச் சாலையோடு வந்தால் துறைமுக வாசல் நேரே இருக்கிறது. முதல் லாரியில் டிரைவருக்குப் பக்கத்தில் எஸ்தர் அம்மாள் ஏறிக்கொண்டார். அவருக்கு இந்தப் பக்கம் நான். ராயபுரம் வந்ததும், "உள்ளார திருப்புப்பா," என்றார்.

"அம்மா, ஹார்பர் நேரா போவணும்," என்றார் டிரைவர்.

"தெரியும். திருப்பு."

லாரி இரும்புக் கடைச் சந்துக்குள் நுழைந்தது. இரண்டு பக்கமும் சங்கிலிகளும் பீப்பாய்களும் உரசின. நடுச்சந்தில், வளைவில், செம்புத் துண்டு ஒரு மாடிக் கைப்பிடிக்கும் எதிர்க்கடைப் பலகைக்கும் இடையில் வசமாக மாட்டிக்கொண்டது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. பின்னால் வந்த லாரிகள் வரிசையாக நின்று சந்து முழுவதையும் அடைத்துவிட்டன. கப்பலுக்கு நேரமாகிறது என்று நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துத் தவித்தேன்.

கடைக்காரர்கள் எல்லோரும் வெளியே வந்தார்கள். வர வேண்டியிருந்தது, வாசலை அடைத்துக்கொண்டு கோபுரம் நின்றது. களிம்பு தேய்த்துக் கழுவிய செம்பு வெயிலில் பளபளத்தது.

"எங்கம்மா போவுது இது?" என்று எதிர்க்கடைக்காரர் கேட்டார்.

"சிலோனுக்கு," என்றார் எஸ்தர் அம்மாள், லாரியிலிருந்து இறங்கியபடி. "ஓட்டுறதுக்கு."

யாரோ நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். உட்கார்ந்தார். சட்டையைக் கழற்றிவிட்டு, யோவான் அண்ணாச்சியின் கோபுரத்துக்குக் கடப்பாரை போட்டு, சந்தே ஒன்றுசேர்ந்து நெம்ப ஆரம்பித்தது. நானும் ஓடிப்போய்த் தோள் கொடுத்தேன்.

"நீங்க எதுக்கு தம்பி?" என்றார் எஸ்தர் அம்மாள். "இப்படி நெழல்ல வந்து உக்காருங்க. அவுக மெதுவாத் தள்ளட்டும்."